அவனுக்குச் சோலி என்ன?

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு அவளை வீட்டில் உட்கார வைப்பது பெரும்பாடாக இருந்தது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது. டிவி பார்த்தால் கண் கூசுகிறது. சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷி. சரி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் படிக்கிற புத்தகத்தையே வாய்விட்டுப் படிக்கிறேன், கேட்டுக்கொண்டு படுத்திரு என்றேன். ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது ஏழெட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கோவில்பட்டிப் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். குச்சிகளை மரச்சட்டத்தின் வரிகளில், தலை சமமாக நிற்கும்படி அடுக்கி இறுக்கினால் அது ஒரு கட்டை. அப்புறம் மருந்து முக்கப் போகும். எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. இப்போதும் கதை கேட்கும்போது அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத குச்சியை உருட்டிக்கொண்டே இருக்கும்.

முதலில் எடுத்தது சமீபத்தில் வந்த ஒரு நாவல். பெயர் வேண்டாம், பலரும் கொண்டாடிய புத்தகம். நாயகன் சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று மழையைப் பார்க்கிறான். காப்பி ஆறுகிறது. பழைய காதலி ஞாபகம் வருகிறது. இருபது பக்கம் போயிருக்கும், அம்மா கேட்டாள்:

“ஏட்டி, இவனுக்குச் சோலி என்ன?”

“ஐ.டி. கம்பெனிம்மா.”

“அது சரி. அங்க போயி என்ன பண்ணுதான்?”

புரட்டிப் பார்த்தேன். 240 பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. மேனேஜர் திட்டுகிறார், மீட்டிங் நடக்கிறது, லேப்டாப்பை மூடுகிறான். 180-ஆம் பக்கத்தில் வேலையை விட்டுவிடுகிறான், அது பெரிய திருப்பமாம். எதை விட்டான் என்றே நமக்குத் தெரியாதபோது விட்டதில் என்ன இருக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று தேடுகிறவனிடம் கதை இல்லாமலா போகும்? இந்த ஆசிரியருக்கு அது கதையாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். “எந்நேரமும் சன்னலயே பாத்துக்கிட்டு இருந்தா உலை யாரு வைக்கது?” என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இருபத்தைந்து வருஷமாகப் படிக்கிறேன். சில நாவல்கள் நன்றாக எழுதப்பட்டிருந்தும் ஏன் கையில் நிற்பதில்லை என்று எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அம்மா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் படித்ததையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். புத்தகத்தில் இருக்கிற ஆள் பகல் பூரா என்ன செய்கிறான்? அதை எழுதியவருக்குத் தெரியுமா?

தகழியின் ‘தோட்டியின் மகன்’ இந்தப் பரீட்சையில் முதல் பக்கத்திலேயே தேறிவிட்டது. 1947-இல் மலையாளத்தில் வந்த நாவல், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு. நோயில் கிடக்கிற இசக்கிமுத்துவுக்குப் பதிலாக மகன் சுடலைமுத்து மலம் அள்ளப் போவதில் ஆரம்பிக்கிறது. பெயர்களைப் பாருங்கள். ஆலப்புழைத் தெருக்களைச் சுத்தம் செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் ஆள் போயிருக்கிறார்கள். இசக்கியும் சுடலையும் மலையாள நாவலுக்குள் போய், நாகர்கோவில்காரர் ஒருவர் கையால் மறுபடி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று முடிவு செய்கிறான். பிள்ளைக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். ஊர் சிரிக்கிறது. காசு சேர்க்கிறான், அதற்காகக் கூட இருக்கிற தோட்டிகளின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். சேர்த்த பணத்தை நகராட்சித் தலைவரிடம் நம்பிக் கொடுத்து வைக்கிறான். நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறவள். அந்த இடத்தில் இலக்கியம் எல்லாம் போய்விட்டது எனக்கு. ரசீது வாங்குடா, ரசீது வாங்குடா என்று மனசு அடித்துக்கொண்டது. பணம் திரும்பி வரவில்லை. கடைசியில் மோகனனும் வாளியைத் தூக்குகிறான்.

மலம் அள்ளுவதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்றத்தை எழுதுவார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற தூரத்தில் இருந்து. தகழி, எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும், ஓவர்சீயருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், ஒருவன் வராவிட்டால் அவன் பங்கு யார் தலையில் விழும் என்று உள்ளே இருந்து எழுதுகிறார். “அப்போ இது அளந்து குடுத்த சோலிதான், கட்டை மாதிரி” என்றாள் அம்மா.

அடுத்தது ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வந்த நாவலை இரா. முருகவேள் 2007-இல் தமிழில் கொண்டுவந்தார். ‘பரதேசி’ படம் இதை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. டேனியல் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர், பின்னால் தொழிற்சங்க வேலையிலும் இறங்கியவர். நாவலாசிரியர் என்று பார்த்தால் சுமார்தான். துரைமார் எல்லோரும் ஒரே அச்சு. பிற்பகுதியில் வருகிற நல்ல டாக்டர், எழுதியவரே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கிறார். கருப்பனும் வள்ளியும் நல்லவர்கள் என்பதைத் தாண்டி அவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு! மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுக்கிறான். மலை ஏறினால் அரிசிக்குப் பிடித்தம், கம்பளிக்குப் பிடித்தம், காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது. வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கிற அன்றைக்கு, வாங்கிய கடனைவிடக் கூடுதலாகக் கடன் நிற்கிறது. மறு வருஷம் இருந்து தீர்க்கவேண்டும். ஒரு பேரேட்டை வைத்தே ஆளைக் கட்டிப்போட முடியும், சங்கிலி வேண்டாம். படித்துவிட்டு மறுநாள் கடையில் டேலியைத் திறந்தபோது, லோடுமேன்களின் அட்வான்ஸ் கணக்கை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்தேன்.

ராஜம் கிருஷ்ணனை நான் சின்ன வயசில் ஒதுக்கிவைத்திருந்தேன். பிரச்சாரம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நானும் படிக்காமலே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2009-இல் அவர் இருக்கும்போதே எழுத்துகள் அரசுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ போனில் இறக்கிப் படித்தது. போய்ப் பார்த்து, பேசி, தங்கி எழுதுகிறவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. கடல் தண்ணீர் தெப்பத்தில் காய்ந்து, பாத்திக்கு வந்து, மணி பிடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் யார் காலில் வெடிப்பு வருகிறது, யார் கண் போகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறார். பிரச்சாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் மைக் முன்னால் நிற்கிற மாதிரிப் பேசுகிறார்கள். அந்தப் பக்கங்களை அம்மாவுக்குப் படிக்கும்போது நானே வேகமாகத் தாண்டிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அவர் நாவலில் பெண்கள் வேலைக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் இன்னொரு வேலை காத்திருக்கும். உலை யார் வைப்பது என்ற கேள்விக்கு ராஜம் கிருஷ்ணனிடம் எப்போதும் பதில் உண்டு.

தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய ‘கூட்டுக் குஞ்சுகள்’ இருக்கிறது, படிக்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம். அத நானே பாத்தாச்சு” என்று முடித்துக்கொண்டாள்.

உப்போடு உப்பாகப் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனையும் மறுபடி எடுத்தேன். ‘அறியப்படாத தமிழகம்’ சின்னப் புத்தகம், ஒரு உட்காரலில் முடித்துவிடலாம், ஆனால் நான் முடிப்பதில்லை. நெல்லையும் உப்பையும் சரிக்குச் சரி மாற்றிக்கொள்ள, உப்பு விற்கிற உமணப் பெண்கள் கூவிக்கொண்டு வருவதை அகநானூறு பாடுகிறது, “நெல்லும் உப்பும் நேரே” என்று. தொ.ப. உப்பைப் பற்றி எழுதும்போது, சம்பா நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்ததால்தான் சம்பளம் என்ற சொல் வந்தது என்று சொல்வார்கள் என்கிறார். அளம் என்றால் உப்பு. மொழியியல்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடுகிற எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. தொ.ப.வின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். சொன்ன வேகத்தில் நம்பத் தோன்றும், மறுநாள் காலையில் ஆதாரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அவர் அதற்குள் எண்ணெய்க்கோ தேங்காய்க்கோ போயிருப்பார்.

சோ. தர்மனின் ‘சூல்’ பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், 2019-இல் சாகித்ய அகாதமி வேறு வாங்கிவிட்டது. எங்கள் பக்கத்து உருளைக்குடிக் கண்மாய்தான் கதை. மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ள நீர்ப்பாய்ச்சி, கோடையில் வண்டல் அள்ளுவது, எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் என்று முதல் பாதி முழுக்க வேலைதான், வேலையோடு ஒட்டிய கிண்டலும் கெட்ட வார்த்தையும்தான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, ஆபரேஷன் பண்ணின கண் என்று நான் பயந்துபோனேன். சுதந்திரத்துக்கு அப்புறம் வருகிற பகுதியில் ஆசிரியருக்குக் கோபம் வந்துவிடுகிறது. நியாயமான கோபம்தான், ஆனால் கண்மாயைவிட்டுக் கரையேறி நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்.

இந்த வருஷம் படித்ததில் என்னைப் பிடித்து ஆட்டியது எது என்றால், நாவலே இல்லை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது 122 அத்தியாயத்தோடு நின்றுபோனது. இவ்வளவு நாளும் இதைப் படிக்காமல் இருந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம். தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி, ஐந்து மதிப்பெண் என்று அங்கேயே காய்ந்துபோயிருந்தது.

முதல் பாதி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது. பிள்ளை ஆசனத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போகவேண்டும். அவ்வளவு பெரிய புலவர். ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று உட்கார்ந்தால் வீட்டில் எண்ணெய் இல்லை. சாமிநாதையர் தன் கையில் இருந்த காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். அம்மா அந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பாட்டு எழுதுவதும் ஒரு சோலிதான், அதிலும் கூலி பாக்கி நிற்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

1880-இல் கும்பகோணம் காலேஜில் வேலை. அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இருபத்தைந்து வயசு ஆசிரியர் பெருமையாக அடுக்குகிறார்: அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை. முதலியார் முகத்தில் துளி வியப்பு இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். பெயரோடு சரி, ஒன்றும் படித்ததில்லை.

“கேக்கிற ஆளு யாரு?”

“முன்சீப்பும்மா. கோர்ட்டுல.”

“அதான் விசாரிக்கான்.”

இதற்கப்புறம், சிந்தாமணியை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர அவர் பாடுபடுகிற பகுதிதான் எனக்கு முக்கியம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா, நாமே முடிவு செய்யவேண்டும். ஒரு பிரதியில் இருக்கிற வரி இன்னொன்றில் இல்லை. உரை எழுதிய நச்சினார்க்கினியர் வேறு நூல்களிலிருந்து வரிகளை எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறார், எந்த நூல் என்று சொல்லமாட்டார். சமணக் கொள்கை புரியவில்லை, கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்கிறார். அவர்களுக்கு அது வாழ்கிற நூல், இவருக்குத்தான் செத்த நூல். ஒப்பிட்டு, குறித்து, அடித்து, மறுபடி ஒப்பிட்டு ஏழு வருஷம். அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்குகிறார். 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவருகிறது.

ஐந்தொகையில் 1 ரூபாய் இடித்தால் நாள் பூரா பழைய ரசீதுகளுக்குள் கிடக்கிறவளுக்கு இது சொந்தக்காரன் கதை மாதிரி இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று அவர் எங்கேயும் கத்துவதில்லை. இந்த ஏடு இன்னாரிடம் கிடைத்தது, அன்றைக்கு இன்ன சாப்பாடு என்று போய்க்கொண்டே இருக்கிறார்.

எங்கள் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் இருக்கிற கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்துவைத்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிடவேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் வருகிறது. அந்த ஊர் வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அடுத்த தடவை போனபோது கோபுரம் தெரிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர் வேர்க்கடலை உரித்துத் தோலை என் மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியவர், அதற்கப்புறம் அந்த அம்மாளை ஏறக்குறைய மறந்தேவிடுகிறார். ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த வருஷங்களில் வீட்டை யார் நடத்தினார்கள்? “இவன் பொண்டாட்டிக்குச் சோலி என்ன?” என்று அம்மா கேட்டபோது, அறுநூறு எழுநூறு பக்கத்தில் அதற்குச் சரியான பதில் என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத புத்தகம் அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. எனக்கு அது பொக்கிஷம். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்த மனிதர், சினிமாவைப் பற்றி எழுதும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனிடமிருந்து ஆரம்பிக்கிறார். விடிவதற்கு முன்னால் வண்டி வரவேண்டும், ஆட்களை வீடு வீடாக எழுப்பி ஏற்றவேண்டும், சாப்பாடு போய்ச் சேரவேண்டும். ஒரு படம் எடுப்பதென்றால் இதுதான். படம் பாதியில் நிற்கும், கதை வேறு ஆளிடம் போய்விடும், நடராஜனைப் பற்றி அப்புறம் மற்றவர்கள் பேச்சில்தான் தெரியவரும். வேலை போனால் ஆள் எப்படிக் கண்ணைவிட்டு மறைகிறான் என்பதை நாவலின் கட்டமைப்பிலேயே செய்துகாட்டியிருக்கிறார் என்று நான் அம்மாவிடம் விளக்கினேன். “யாரு யாருன்னே புரியல. நடராசன் என்ன ஆனான்னு சொல்லாம என்ன கதை” என்றாள். அவளுக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது, ஆசிரியர் அவனைக் கைவிட்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை. இதுவும் ஒரு நல்ல விமர்சனம்தான் என்று பிற்பாடு தோன்றியது.

பூமணியின் ‘வெக்கை’யை எடுத்தபோது என்னுடைய புதுக் கொள்கை ஆட்டம் கண்டது. 1982 நாவல், ‘அசுரன்’ வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. படத்தில் அப்பாவின் பழைய கதைதான் பெரிசு. நாவலில் பதினைந்து வயசுச் சிதம்பரம்தான் எல்லாம். அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு அப்பாவோடு காடு, மலை, தோட்டம் என்று ஒளிந்து திரிகிறான். வேலை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் படிக்கப் படிக்க, எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துச் சுட்டுத் தின்னலாம், புகை வெளியே தெரியாமல் எப்படிச் சோறு பொங்குவது, எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று அப்பனும் மகனும் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருப்பதில்லை. கொலையைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. அடுத்த வேளைச் சோற்றைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சோற்றுப் பேச்சுக்கு நடுவில் செத்த அண்ணன் ஞாபகம் வரும்போது தொண்டை அடைக்கிறது. பால்கனியில் நின்று 20 பக்கம் நினைத்தாலும் அது வராது.

“இவங்களுக்குச் சோலி ஒண்ணும் இல்லியேம்மா” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“ஒளிஞ்சு கெடக்கது சோலி இல்லாம?” என்றாள்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு ஆபரேஷன். மறுபடியும் குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. புத்தகம் இப்போதே எடுத்து வை, பெரிசாக எடு, சாவு மட்டும் வேண்டாம் என்று உத்தரவு. அலமாரி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ‘நீர்வழிப் படூஉம்’ காரு மாமாவின் சாவைச் சுற்றித்தான் நடக்கிறது. ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் படுகிற பாட்டைக் கேட்டால் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. கடைசியில் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. நல்ல தடிமன், பக்கத்துக்குப் பக்கம் கடல் வேலை.

அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் யாரும் சாகமாட்டார்களே என்று கேட்டாள். நடுக்கடலில் மூன்று பேர் உயிருக்குத் தத்தளிப்பதில்தான் அது ஆரம்பிக்கிறது. மீன் பிடிக்கிறவங்க கதைம்மா, என்றேன்.